ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய சிடி: நம்ம ராக் காலத்தில் மிஞ்சியது எது?

[எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் திருத்திச் சுருக்கப்பட்டுள்ளன.]

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு பையன் கேட்ட கேள்வி. அவனுக்குப் பதினாலு வயசு. என் பழைய நண்பனோட பையன். போன தீபாவளிக்கு அவங்க வீட்டுக்குப் போயிருந்தப்போ, பலகாரத் தட்டை என் முன்னாடி வெச்சுட்டு மெதுவா கேட்டான்: "மாமா, அப்பா ட்ரம்ஸ் வாசிப்பாராமே. கேக்கறதுக்கு உங்ககிட்ட எதுனா இருக்கா?"

அவங்க அப்பா 2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலையில போயிட்டான். எங்க பேண்டோட டிரம்மர். அவன் பேரை இங்க சொல்லப் போறதில்ல. அது அவன் வீட்டுக்காரங்க விருப்பம்.

"இருக்குடா, எடுத்துத் தரேன்"னு சொல்லிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து தேடினப்போதான் விஷயம் உறைச்சது. நாங்க ஸ்கூல்ல, காலேஜ்ல கேட்ட அத்தனை வெளிநாட்டு பேண்டும் என் போன்ல இருக்கு. க்ரீட், நிக்கல்பேக், லைஃப்ஹவுஸ், த்ரீ டோர்ஸ் டவுன், ஸ்டெயிண்ட். ஒரு தடவை தொட்டா பாடும். எங்க பேண்ட் வாசிச்சது? பீரோ மேல ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல, 2004-ல ரைட் பண்ண ஒரே ஒரு சிடி. லேப்டாப்ல சிடி டிரைவே கிடையாது. வெளிய இருந்து ஒரு டிரைவ் வாங்கிப் போட்டேன். கர்ர்ருன்னு சத்தம் வந்தது, அப்புறம் ஒண்ணுமில்ல.

அதனால இன்னைக்கு ரெண்டு கதை. ஒண்ணு, அமெரிக்காவுல பிறந்த ஒரு சத்தம் சிந்தாதிரிப்பேட்டை வரைக்கும் எப்படி வந்துச்சு. இன்னொண்ணு, அதைக் கேட்டு நாம செஞ்ச சத்தம் எங்க போச்சு.

சின்னத் தறிப் பேட்டை

நான் பிறந்து வளர்ந்தது சிந்தாதிரிப்பேட்டை. ஐயா முதலி தெருவுக்குப் பக்கம். இந்தப் பேட்டைக்கு வயசு கிட்டத்தட்ட முந்நூறு. 1734-இல் சென்னையின் ஆங்கிலேய கவர்னராக இருந்தவர் ஜார்ஜ் மார்ட்டன் பிட். கம்பெனிக்கு ஏற்றுமதி செய்யத் துணி வேண்டும். அதற்காக நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் ஒரே இடத்தில் குடியமர்த்த நினைத்தார். கூவம் வளைந்து ஓடுகிற இடத்தில், சுங்குராமா என்ற பெரிய வணிகரின் தோட்டமாக இருந்த நிலத்தை எடுத்து ஊர் அமைத்தார்கள். சின்னத் தறிப் பேட்டை. அதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆச்சு என்பார்கள்.

மெட்ராஸ்னு சொன்னா அமெரிக்காவுல இன்னைக்கும் பல பேருக்கு அது ஊர் பேர் இல்ல, கட்டம் போட்ட ஒரு பருத்தித் துணியோட பேர். துணிக்குப் பேர் நின்னுச்சு. இந்தக் கரையில தறியில உக்காந்தவங்க பேர் நிக்கல. இதை மனசுல வெச்சுக்கங்க, கடைசியில திரும்ப வருவோம்.

நான் பொறந்தப்போ தறி எல்லாம் இல்ல. மீன் மார்க்கெட் இருந்துச்சு. ஆதிபுரீஸ்வரர் கோயிலும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் இருந்துச்சு. கூவத்துக்கு அந்தப் பக்கம் புதுப்பேட்டை, வண்டியைப் பிரிச்சுப் பார்ட் பார்ட்டா விக்கிற ஊர். இந்தப் பக்கம், நடந்தா பத்து நிமிஷத்துல ரிச்சி ஸ்ட்ரீட். ரேடியோ, டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், ஒயர், சால்டரிங் புகை. மவுண்ட் ரோடுக்குப் போனா மியூசி மியூசிக்கல் கடை. 1842-இல் மிஸ்குவித் அண்ட் கோ என்ற பெயரில் தொடங்கிய கடை அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிட்டார் தொங்கும். நாங்க இந்தப் பக்கம் நிப்போம்.

சியாட்டில்ல இருந்து கேபிள் ஒயர் வரைக்கும்

இப்போ கொஞ்சம் தூரமா போய்ட்டு வருவோம். 1991 செப்டம்பர் 24. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த நிர்வாணா என்ற மூன்று பேர் பேண்டின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வெளிவந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைப் பின்னுக்குத் தள்ளி பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன், ஆலிஸ் இன் செயின்ஸ் என்று சியாட்டில் நகரத்துப் பேண்டுகள் வரிசையாக வந்தன. கசங்கின சட்டை, கரகரத்த கிட்டார், மனசுல இருக்கிற கசப்பை அப்படியே கத்துறது. இதுக்குத்தான் கிரஞ்ச்னு பேரு.

1994 ஏப்ரலில் நிர்வாணாவின் கர்ட் கோபேன் இறந்தார். ஆனால் அந்தச் சத்தத்துக்கு மார்க்கெட் இருப்பது கம்பெனிகளுக்குத் தெரிந்துவிட்டது. அதே கரகரப்பு, ஆனால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்து வழுவழுப்பாக்கின பாட்டு. மெதுவாகத் தொடங்கும், கோரஸில் வெடிக்கும். புஷ், க்ரீட், நிக்கல்பேக் போன்ற பேண்டுகள் வந்தன. விமர்சகர்கள் இதற்கு வைத்த பெயர் போஸ்ட்-கிரஞ்ச். பாராட்டி வைத்த பெயர் இல்லை.

இவங்க ஏன் அவ்வளவு பெருசா ஆனாங்கன்னா, அதுல ஒரு சட்டத்துக்கும் பங்கு இருக்கு. 1996 வரை அமெரிக்காவில் ஒரு கம்பெனி நாடு முழுக்க 40 ரேடியோ நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த வருஷம் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. சில வருஷங்களில் கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனியின் கையில் 1,200 நிலையங்களுக்கு மேல். ஊருக்கு ஊர் வேறு வேறு பாட்டு போன காலம் போய், ஒரே பட்டியல் நாடு முழுக்க ஓடியது. யாரையும் சேனலை மாற்ற வைக்காத பாட்டுதான் அதற்குத் தேவை. க்ரீடின் 'ஹ்யூமன் க்ளே' 1999-ல வந்தது. நிக்கல்பேக் 2001-ல உலகம் முழுக்கக் கேட்டது.

சரி, நமக்கு எப்படி வந்துச்சு? 1991-இல் ஸ்டார் டிவியோடு எம்டிவி இந்தியாவுக்கு வந்தது. 1994-இல் அது ஸ்டாரை விட்டுப் போனதும் அந்த இடத்தில் சேனல் வி. 1996-இல் எம்டிவி இந்தியா தனியாக வந்தது. எங்க தெருவுல கேபிள்காரர் மொட்டை மாடிக்கு மாடி கறுப்பு ஒயர் இழுத்தார். வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம் சத்தத்தை ஒண்ணாம் நம்பர்ல வெச்சு, டிவிக்கு ஒரு அடி தூரத்துல உக்காந்து பார்ப்பேன். அம்மா எந்திரிச்சு வந்து, "யார்ரா அவன், இப்பிடிக் கத்துறான், வயித்து வலியா?"ன்னு கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கு.

இங்கிலீஷ் கேசட் நூறு ரூபாய்க்கு மேல. தமிழ் கேசட்டைவிட ரெண்டு மூணு மடங்கு. ஸ்பென்சர் பிளாசாவுல மியூசிக் வேர்ல்ட் கடையில ஹெட்போன் மாட்டிக் கேக்கலாம், காசு கேக்க மாட்டாங்க. வாங்கறதுக்கு பீச் பக்கம் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1960-களின் கடைசியில் வந்த அந்தக் கடை வரிசையில், எங்க காலத்துல எம்பி3 சிடி கிடைச்சது. கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு சிடி 700 எம்பி. அன்னைக்கு வழக்கத்துல இருந்த தரத்துல ஒரு நிமிஷப் பாட்டு கிட்டத்தட்ட ஒரு எம்பி. அப்போ ஒரே சிடியில நூத்தம்பது பாட்டுக்கு மேல. அட்டையில பேண்ட் பேரெல்லாம் தப்பும் தவறுமா இருக்கும். நான் ரெண்டு வருஷம் ஒரு லைவ் பாட்டை பேர்ல் ஜாம்னு நினைச்சுக் கேட்டேன். அது க்ரீட்.

எனக்கு பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். பாட்டுல பாதி வார்த்தை புரியாது. பிரவுசிங் சென்டர்ல அரை மணி நேரத்துக்குக் காசு குடுத்து வரிகளைப் பிரிண்ட் எடுத்து, தமிழ் எழுத்துல மாத்தி எழுதி மனப்பாடம் பண்ணேன். யாருக்கோ அமெரிக்காவுல அப்பா மேல இருந்த கோபம், சிந்தாதிரிப்பேட்டையில எனக்கு ஏன் தொண்டையை அடைச்சுதுன்னு கேட்டா, பதில் வார்த்தையில இல்ல. அந்த வயசுல வீட்ல கத்த முடியாது. இந்தப் பாட்டுல கத்தலாம், யாருக்கும் புரியாது. அந்த ஒரு வசதி போதும்.

ரெண்டு விரல் போதும்

இந்த பேண்டுகளைக் கிண்டல் பண்றவங்க ஒரு விஷயத்தை மறந்துடுவாங்க. இது வாசிக்கச் சுலபம். பவர் கார்டுன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு மூணு கம்பி, ரெண்டு மூணு விரல். கிட்டாரோட தடிச்ச கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி டிராப்-டி டியூனிங்குக்குக் கொண்டு வந்தா, ஒரே விரலை வெச்சுத் தேய்ச்சே பாதி பாட்டு வாசிச்சிடலாம். கிளாஸ் போகக் காசு இல்லாத பசங்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம்னு யோசிங்க.

என்கிட்ட இருந்தது செகண்ட் ஹேண்ட் கிவ்சன் கிட்டார், கல்கத்தா சரக்கு. ஆம்ப் வாங்கக் காசில்ல. அந்தக் கரகரப்பு எப்படி வருதுன்னு ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு அண்ணன்தான் சொல்லிக் குடுத்தார். சத்தத்தோட அலை ஒரு அளவுக்கு மேல போனா ஆம்ப்ளிஃபயரால தாங்க முடியாது. அலையோட தலையை வெட்டிடும். அந்த வெட்டுதான் டிஸ்டார்ஷன். "அதுக்குன்னு பெடல் எதுக்குப்பா? டேப் ரெக்கார்டர் மைக் ஓட்டையில சொருகி வால்யூமை ஏத்து, தானா கிழியும்"னார். கிழிஞ்சது. அப்புறம் எஸ்டிகே ஐசி ஒண்ணைப் போட்டு ஒரு ஆம்ப் அசெம்பிள் பண்ணிக் குடுத்தார். ஸ்பீக்கர் பெட்டி புதுப்பேட்டையில, கார்ல இருந்து கழட்டினது. உலகத்துல எந்த கிரஞ்ச் பேண்டுக்கும் எங்க அளவுக்கு ஏழைச் சத்தம் வந்திருக்காது.

நாலு பேர். பேண்டுக்கு நாலு பேர் மாத்தினோம், நாலும் இப்போ சொல்ல வெக்கமா இருக்கு. டிரம்மர் எங்க தெருக்கோடி வீடு. ஸ்டேஜ் டிரம்ஸ் அவன் தொட்டதே இல்ல. அவங்க சித்தப்பா சாவு மேளம் வாசிக்கிறவர். பத்து வயசுலேருந்து இவனும் கூடப் போய் அடிச்சிருக்கான். ராத்திரி முழுக்க கானா பாடுற வீட்டு வாசல்ல, விடிய விடியத் தாளம் விடாம. எங்க யாருக்கும் இல்லாத ஒண்ணு அவன்கிட்ட இருந்துச்சு: நேரம். கடிகாரம் மாதிரி அடிப்பான்.

அவன் எங்ககிட்ட முதல் நாளே கேட்டது இதுதான்: "மச்சான், மோளம் அடிப்பேன்னு காலேஜ் பசங்ககிட்ட சொல்லாதீங்கடா." நாங்க சொல்லல. ஏன் சொல்லக்கூடாதுன்னு நாங்களும் கேக்கல. எங்க எல்லாருக்கும் காரணம் தெரியும். ராக் வாசிச்சா ஒரு மரியாதை, சாவு மேளம் வாசிச்சா இன்னொரு பார்வை. அந்தப் பார்வைக்குப் பேர் சாதி. அதை வாய் விட்டுச் சொல்ல எங்களுக்கு இருபது வருஷம் ஆச்சு.

மேடைகள்

சென்னைக்கு ராக் நாங்க கொண்டு வந்தது ஒண்ணும் இல்ல. ஏ.ஆர். ரஹ்மானே சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி ரூட்ஸ், நெமிசிஸ் அவென்யூ மாதிரி பேண்டுகள்ல கீபோர்டு வாசிச்சவர். ஐஐடி மெட்ராஸில் 1974-இல் மார்டி கிரா என்று தொடங்கிய விழா, 1996-இல் சாரங் ஆனது. அங்கே திறந்தவெளி அரங்கில் நடக்கும் ராக் ராத்திரிக்கு ஊரே போகும். டெசிபல்ஸ் என்ற பேண்ட் போட்டியில் இடம் கிடைப்பது பெரிய விஷயம். நாட்டு அளவில் பார்த்தால், 1993-இல் அலகாபாத்தில் அமித் சைகல் தொடங்கிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகை இருந்தது. இந்திய பேண்டுகளைப் பற்றி எழுதுவதற்கென்றே ஒரு பத்திரிகை. அதன் பழைய இதழ் ஒன்று எங்களுக்குள் கை மாறிக் கிழிந்தே போனது.

அப்புறம் அடையாறில் அன்வைண்ட் சென்டர். அங்கே நடக்கும் ஜூன் ராக் அவுட்டுக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்போம். சென்னை பேண்டுகள் சொந்தப் பாட்டை வாசிக்கிறதை நான் முதல்ல கேட்டது அந்த மாதிரி இடங்கள்லதான். எங்களுக்கு ஒரு நல்ல காலமும் பிறந்தது. 1997-லேயே மயிலாப்பூர் வரைக்கும் வந்திருந்த பறக்கும் ரயில், 2004-ல திருவான்மியூர் வரைக்கும் நீண்டது. சிந்தாதிரிப்பேட்டையில கிட்டாரோட ஏறினா கஸ்தூர்பா நகர்ல இறங்கலாம். இன்னைக்கு இது சின்ன விஷயமாத் தெரியும். ஆட்டோவுக்குக் காசில்லாத பசங்களுக்கு, ஊரோட ஒரு கரையிலேருந்து இன்னொரு கரைக்குப் போட்ட பாலம் அது.

2005-இல் சென்னையில் ஜங்க்யார்ட் க்ரூவ் உருவானது. அவங்களுக்குன்னு ஒரு கூட்டமே இருந்துச்சு, ஊர் ஊராப் போய் வாசிச்சாங்க. 2009-இல் ஸ்வீடன் நாட்டு ஓபெத் பேண்ட் சாரங்கில் வாசித்தபோது, எங்கெங்கிருந்தோ பசங்க வந்து இறங்கினாங்க. ஸ்க்ராட், பின்னாடி எஃப்16ஸ்னு வரிசை நீண்டுச்சு. அதுக்குள்ள எங்க பேண்ட் கலைஞ்சு போச்சு. எல்லா பேண்டும் கலையிற மாதிரிதான்: ஒருத்தனுக்கு பிபிஓ வேலை, ஒருத்தன் துபாய், ஒருத்தனுக்குக் கல்யாணம்.

கலையறதுக்கு முன்னாடி ஒரு காரியம் செஞ்சோம். 2004-ல, ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு அனுப்ப டெமோ கேட்டாங்க. வடபழனி பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோவுல நாலு மணி நேரம் எடுத்தோம். நாலு பாட்டு. முதல் மூணும் கவர். முதல் பாட்டு க்ரீடோடது. நாலாவது எங்களோடது, தமிழ்ல. அதுல மட்டும் டிரம்மர் அவனுக்குத் தெரிஞ்ச டப்பாங்குத்துத் தாளத்தை அடிச்சான், மேல டிஸ்டார்ஷன் கிட்டார். நல்லா இருந்துச்சுன்னு எங்க நாலு பேருக்கும் தெரியும். ஆனா ஜட்ஜு முதல்ல கேக்கறது க்ரீடா இருக்கட்டும்னு முடிவு பண்ணோம். தமிழ்ப் பாட்டைக் கடைசியில வெச்சோம். எங்களைக் கூப்பிட்டாங்க, வாசிச்சோம். ஜட்ஜ் ஒருத்தர் உச்சரிப்பைப் பத்தி ஒரு ஜோக் அடிச்சார். சனம் சிரிச்சது. அதோட சரி.

எல்லாம் நெட்டுல இருக்கும்னு நம்பினோம்

சிடி ஒண்ணுதான் மிஞ்சுச்சுன்னேன். ஏன் ஒண்ணுதான்? ஏன்னா நாங்க 2006-ல அதை மைஸ்பேஸ்ல ஏத்திட்டோம். அன்னைக்கு உலகத்துல சின்ன பேண்டுகள் எல்லாத்துக்கும் வீடு அதுதான். மேடை போட்டோவெல்லாம் ஆர்குட்ல. நெட்டுல போட்டாச்சு, இனிமே தொலையாதுன்னு நினைச்சோம்.

ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. 2019 மார்ச்சில் மைஸ்பேஸ் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சர்வர் மாற்றும்போது, 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகள் அழிந்துவிட்டன என்று. ஏறத்தாழ 1.4 கோடி கலைஞர்களின் 5 கோடி பாட்டுகள் என்று செய்திகள் சொன்னன. அடுத்த மாதமே இன்டர்நெட் ஆர்க்கைவ் ஒரு தொகுப்பை வெளியிட்டது. ஆய்வுக்காக யாரோ முன்பே இறக்கி வைத்திருந்த 4.9 லட்சம் பாட்டுகள். ஐந்து கோடியில் நூற்றுக்கு ஒன்று. ஒரு ராத்திரி முழுக்க அதுல தேடினேன். எங்க பேர் நாலையும் போட்டுப் பாத்தேன். இல்ல.

இதே காலத்துல க்ரீட் என்ன ஆச்சு? 2004-ல பிரிஞ்சவங்க, இடையில ஒருமுறை சேர்ந்து ஓய்ஞ்சவங்க, 2024-ல மறுபடி டூர் போனாங்க. ஒரு காலத்துல கிண்டலுக்குன்னே இருந்த பேண்டுக்கு அரங்கம் நிறையுது. 2025 மார்ச்ல கிரீன் டே மும்பை லொல்லாபலூசாவுக்கு வந்தாங்க. எங்க செட்ல ரெண்டு பேர் ஃப்ளைட் பிடிச்சுப் போய், வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாங்க. தப்பே இல்ல. காசு இருந்தா நானும் போயிருப்பேன்.

ஆனா இதை யோசிச்சுப் பாருங்க. நாஸ்டால்ஜியான்னு நாம எதைக் காப்பாத்துறோம்? ஏற்கெனவே பத்திரமா இருக்கிறதை. நிக்கல்பேக்கை நாம மறந்தாலும் நிக்கல்பேக் அழியாது. அவங்க மாஸ்டர் டேப்பைப் பாத்துக்க கம்பெனி இருக்கு, வக்கீல் இருக்கு. நாம மறந்தா அழியிறது பக்கத்துத் தெரு பேண்ட். கானா பாடின அந்தப் பெரியவர். அவங்களுக்கு ஆர்க்கைவ்னா அது நாம மட்டும்தான்.

இதை என் டிரம்மர் எனக்கு முன்னாடியே புரிஞ்சுக்கிட்டான். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவின் முதல் மேடை. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதிபேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்த பெயர். பத்தொன்பது பேர் குழு. கானா, ராப், ராக், எல்லாம் ஒரே மேடையில். நானும் அவனும் கூட்டத்துல நின்னோம். சட்டி மேளத்துக்கு மேல கிட்டார் ஏறினப்போ அவன் என் தோளைப் பிடிச்சு அழுத்தினான். காதுகிட்ட வந்து சொன்னான்: "இதைத்தானடா நாம அப்பவே செஞ்சோம். வெக்கப்பட்டுக் கடைசியில வெச்சோம்."

கடைசி பாட்டு

இப்போ சிடிக்கு வருவோம். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். எனக்கு ஆம்ப் பண்ணிக் குடுத்த அண்ணன் இப்போ இல்ல. இன்னொரு கடையில, டேட்டா ரெக்கவரி பண்றவர், அறுபது வயசு இருக்கும். சிடியை லைட்டுக்கு நேரா பிடிச்சுச் சாய்ச்சுப் பாத்தார். "ஓரத்துல இருந்து போயிட்டிருக்கு சார்"னார்.

அவர் சொன்னதைக் கொஞ்சம் விளக்குறேன். கடையில் விற்ற ஒரிஜினல் சிடியில் பாட்டு என்பது பிளாஸ்டிக்கில் அச்சடித்த குழிகள். வீட்டில் நாம் ரைட் பண்ணின சிடியில் குழி கிடையாது. ஒரு சாய அடுக்கு இருக்கும், லேசர் அதைச் சுட்டுப் புள்ளி வைக்கும். சாயம் என்பதால் வெயில், சூடு, ஈரம் எல்லாம் அதைத் தின்னும். அதன் மேலே இருக்கும் பளபளப்பான உலோக அடுக்குக்குக் காற்றுப் பட்டாலும் ஆபத்து. நம்ம ஊர் புழுக்கத்துல, பீரோ மேல இருபது வருஷம். அடுத்த விஷயம்தான் முக்கியம். சிடி உள்ளேயிருந்து வெளியே எழுதப்படுகிறது. முதல் பாட்டு நடு ஓட்டைக்குப் பக்கத்தில், கடைசிப் பாட்டு அதற்கு வெளியே. கை படுவதும், காற்றும் ஈரமும் முதலில் நுழைவதும் வெளி ஓரத்தில். அதனால் பெரும்பாலும் கெடுவதும் ஓரத்திலிருந்துதான். எங்க சிடியில வேற டேட்டாவும் சேர்த்து ரொப்பியிருந்தோம், அதனால கடைசிப் பாட்டு ஓரம் வரைக்கும் போயிருந்தது.

புரியுதா? எதை முதல்ல வெச்சோமோ அது நடுவுல பத்திரமா இருந்துச்சு. எதைக் கூச்சப்பட்டுக் கடைசியில வெச்சோமோ அது ஓரத்துல.

அவர் நாலு டிரைவ்ல மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தார். வேகத்தைக் குறைச்சுக் குறைச்சுப் படிக்க வெச்சார். மூணு நாள் கழிச்சுப் போன் பண்ணார். முதல் ரெண்டு பாட்டு முழுசா வந்துடுச்சு. மூணாவது பாதி. நாலாவது வரல. "இன்னும் ட்ரை பண்ணலாம் சார், ஆனா ஆசை வெச்சுக்காதீங்க"னார். காசு பாதிதான் வாங்கிக்கிட்டார்.

தமிழ்ப் பாட்டு போச்சு. மிஞ்சினது க்ரீட் கவர். அவங்க பாட்டைக் காப்பாத்த உலகமே இருக்கு, எங்க சிடியும் அதையேதான் காப்பாத்தியிருக்கு. வண்டியில வர்ற வழியில கூவம் பாலத்து ஓரமா நிறுத்தி, கொஞ்ச நேரம் சும்மா நின்னேன்.

பென் டிரைவை எடுத்துட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். பையன் ஹெட்போன் மாட்டிக் கேட்டான். அவங்க அம்மா சமையக்கட்டு வாசல்ல நின்னாங்க. "கிட்டார் நீங்களா மாமா? கொஞ்சம் சுமாரா இருக்கு"ன்னான். சரிதான். அப்புறம் சட்டுனு பின்னாடி போய், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டான். "இங்க அப்பா என்ன பண்றாரு?"

எனக்கு மறந்தே போயிருந்தது. ரெண்டாவது கோரஸுக்கு முன்னாடி, ஒரிஜினல்ல ஒண்ணும் இல்லாத இடத்துல, அவன் ஒரு உருட்டு உருட்டுவான். சுத்தமான டப்பாங்குத்து. ரெண்டு செகண்டுகூட இருக்காது. ஸ்டுடியோவுல நாங்க அதுக்கு அவனைத் திட்டினோம், "ஒரிஜினல்ல இல்லடா, எதுக்கு இது?"ன்னு. மறுபடி எடுக்க நேரம் இல்லாததால விட்டுட்டோம். அந்த ரெண்டு செகண்ட்தான் அவன். மிச்சமெல்லாம் வேற யாரோ அடிக்கச் சொன்னதை அடிச்சது.

பையனுக்கு அதைச் சொன்னேன். உங்க தாத்தா கிட்டேருந்து வந்த அடி இது, சாவு மேளத்து அடின்னு சொன்னேன். அவங்க அம்மாவைப் பாத்தேன், சொல்லலாமான்னு. அவங்க தலையாட்டினாங்க. பையன் மேசை மேல விரலால தட்டிப் பாத்தான். முதல் தடவை வரல. மூணாவது தடவை கிட்டத்தட்ட வந்துடுச்சு.

அவ்வளவுதான் கதை. இதைக் கேட்டுட்டு நீங்க உடனே பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. உங்க வீட்லயும் ஒரு டப்பா இருக்கும். அண்ணனோட காலேஜ் பேண்ட், அக்கா பாடின கேசட், தாத்தா ஒப்பாரி சொன்ன பழைய போன் ரெக்கார்டிங். இந்த ஞாயித்துக்கிழமை அதை எடுங்க. மூணு காப்பி பண்ணுங்க. ரெண்டு வேற வேற சாதனத்துல வையுங்க, ஒண்ணு வேற ஒரு வீட்ல இருக்கட்டும். ஃபைல் பேர்ல யார், எங்க, எந்த வருஷம்னு எழுதுங்க. பேர் எழுதறது முக்கியம். இந்தப் பேட்டையில தறி நெஞ்சவங்களுக்கு அதை யாரும் பண்ணல.